மலையகத்தில் ஒன்லைன் படிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கும் பெற்றோரும் பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நான் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியை. பாடசாலையிலும் படிப்பிக்கிறேன், போன் வழியாகவும் படிப்பிக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்துதான் பதில் சொல்கிறேன்.

எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்லைன் படிப்பால் உண்மையிலேயே பிரயோசனம் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் கொழும்புப் பிள்ளைக்குக் கிடைக்கும் பிரயோசனம் வேறு, நமக்குக் கிடைப்பது வேறு. அங்கே அது பஸ் ஏறாமல் வீட்டிலிருந்து படிக்கும் வசதி. இங்கே அது, ஊரில் இல்லாத ஒரு பாட ஆசிரியர் பிள்ளைக்குக் கிடைக்கும் வழி.

தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். அதுவரை பல தோட்டங்களில் ஓர் ஆசிரியர், ஒரு மண்டபம், அஞ்சாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. நாட்டின் மற்றப் பிள்ளைகள் இலவசக் கல்வியில் முன்னேறிய காலத்தில் நம் தாத்தா பாட்டிமார் அதற்கு வெளியே நின்றார்கள். கட்டடங்கள் பிறகு வந்தன, பட்டதாரிகளும் வந்தார்கள். ஆனால் உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகியவற்றைத் தமிழில் படிப்பிக்க ஆசிரியர் கிடைப்பது இன்றும் பெரிய கஷ்டம். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகூட கலைப் பிரிவுக்குப் போகிறது. விரும்பிப் போனால் சந்தோஷம். பக்கத்துப் பாடசாலையில் வேறு பிரிவே இல்லை என்பதற்காகப் போவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

இதில் இன்னொரு விசயம் இருக்கிறது. மருத்துவம், பொறியியல் போன்ற கற்கைநெறிகளுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. அதாவது நம் மாவட்டத்துக்கென்று இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் கணிதப் பிரிவோ உயிரியல் பிரிவோ படிக்க வழியே இல்லாத தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த ஒதுக்கீட்டால் என்ன வந்தது? யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருக்கும் ஒரு நல்ல பௌதிகவியல் ஆசிரியர் போன் திரை வழியாக மஸ்கெலியாவுக்கு வர முடிந்தால், அந்தப் பிள்ளைக்கும் அந்த இடத்துக்குப் போட்டியிட ஒரு வாய்ப்பு வருகிறது. எனக்கு இதுதான் முதல் நன்மை. மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

அப்புறம், பதிவு செய்த பாடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். வகுப்பில் எழுந்து “விளங்கவில்லை டீச்சர்” என்று சொல்ல வெட்கப்படும் பிள்ளைகள் நம்மிடம் நிறைய. அவர்களுக்கு இது பெரிய உதவி.

கொரோனா காலத்தில் பார்த்தோமே, சரிவரவில்லையே?

சரிவரவில்லை என்பது உண்மை. ஏன் என்பதைப் பார்க்க வேண்டும்.

2020 மார்ச் நடுப்பகுதியில் நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டன. ஒரே இரவில் எல்லோரும் வட்ஸ்அப் குழுவுக்கு மாறினோம். ஆசிரியர்களுக்குப் பயிற்சி இல்லை, பிள்ளைகளிடம் போன் இல்லை. பல குழுக்களில் நடந்தது, கைப்பட எழுதிய குறிப்பைப் படம் பிடித்துப் போடுவதும், “எழுதி அனுப்புங்கள்” என்பதும்தான். 2021இல் பதுளை மாவட்டத்துப் போஹிட்டியாவ கிராமத்தில் பிள்ளைகளும் ஆசிரியையும் சிக்னலுக்காகக் காட்டு வழியே ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நடந்து ஒரு பாறைமேல் ஏறி உட்கார்ந்த செய்தி வெளிநாடுகள் வரை போனது. அப்படிப்பட்ட பாறையும் மேடும் நம் தோட்டங்கள் பலவற்றில் இருந்தன. அதே வருடம் ஜூலையில் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்கள் ஒன்லைன் கற்பித்தலிலிருந்து விலகினார்கள். ஒக்டோபர் வரை அது நீண்டது. அந்தக் கோரிக்கை நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் பிள்ளைகளுக்கு அந்த மாதங்கள் போனதுதான். 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. சார்ஜ் இல்லாத போனில் என்ன வகுப்பு நடத்துவது?

இந்த அடிகளுக்கு நடுவிலும் சில இடங்களில் பிள்ளைகள் படித்தார்கள். அங்கெல்லாம் ஆசிரியர்கள் நேரடி வகுப்பை மட்டும் நம்பியிருக்கவில்லை. குரல் பதிவு, சின்ன வீடியோ, அச்சடித்த குறிப்பு மூன்றையும் கலந்து கொடுத்தார்கள். குறிப்புகளைக் கடையில் வைத்து, கொழுந்து பறிக்கப் போகும் அம்மாமார் எடுத்துப் போகும்படி செய்தார்கள். ஒன்லைன் படிப்பு என்றாலே ஸூம் என்று நினைத்ததில்தான் நாம் அதிகம் தடுமாறினோம்.

லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) சிக்னல் எடுக்கவில்லை. என்ன செய்யலாம்?

முதலில் எந்த சிம் என்று பாருங்கள். ஒரே தோட்டத்தில் மேல் டிவிசனில் ஒரு நிறுவனத்தின் சிக்னல் எடுக்கும், கீழ் டிவிசனில் இன்னொன்று எடுக்கும். மலை மறைப்பதால் இப்படி ஆகிறது. கோபுரம் தூரத்தில் இருந்தாலும் நேராகத் தெரிந்தால் எடுக்கும். பக்கத்திலேயே இருந்தாலும் நடுவில் ஒரு மேடு நின்றால் எடுக்காது. அதனால் அயலவரிடம் கேட்டு, அவர்களின் சிம்மை உங்கள் போனில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

தகரக் கூரையும் தடித்த கல் சுவரும் உள்ள பழைய லயங்களில் உள்ளே சிக்னல் விழுவதே கஷ்டம். போனை ஜன்னலோரம் வைத்து, அதிலிருந்து ஹொட்ஸ்பொட் போட்டு உள்ளே இன்னொரு போனில் பார்க்கலாம். அதற்கு இரண்டு போன் வேண்டும் என்பது தெரியும். பக்கத்துக் காம்பரா (அறை) வீட்டாரோடு சேர்ந்து செய்யுங்கள்.

பிள்ளையை மேட்டுக்கோ மரத்துக்கோ அனுப்பாதீர்கள். குளவி, வழுக்கும் பாறை, மின்னல், சிறுத்தை என்று எல்லாமே நம் மலையில் உண்டு. இருட்டிய பிறகு போகவே கூடாது. சிக்னல் எடுக்கும் இடத்துக்குப் பெரியவர் ஒருவர் போய்ப் பாடத்தைப் பதிவிறக்கிக்கொண்டு வந்தால், பிள்ளை வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

மழைக்காலத்தில்?

ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளை, ராகலைப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் வடகீழ் மழை. இந்த மாதங்களில் கரன்ட் போவதும் சிக்னல் விழுவதும் வழக்கம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பாதையும் மின்சாரமும் தொடர்பும் ஒன்றாகப் போய்விட்டதை நாம் மறக்க முடியாது. ஆகவே கிடைக்கும் பாடங்களை மழைக்கு முன்பே போனில் இறக்கி வையுங்கள். இடி மின்னல் நேரத்தில் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள்.

மண்சரிவு எச்சரிக்கை வந்தால் படிப்பு, பரீட்சை எதுவும் முக்கியமில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள்.

டேட்டாவுக்கு எவ்வளவு போகும்? நாள் சம்பளத்தில் கட்டுமா?

இதை ஒளிக்காமல் பேச வேண்டும். தோட்டத்து நாள் சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்ததே 2021இல்தான், அதுவும் எத்தனை வருடப் போராட்டத்துக்குப் பிறகு. 2024இல் 1,350 ஆனது. கொழுந்து குறைந்து அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) விழுந்தால் அதுவும் இல்லை. அந்தக் காசில் அரிசி வாங்கிய பிறகுதான் ரீலோட்.

எது எவ்வளவு டேட்டா இழுக்கும் என்று தெரிந்தால் செலவைப் பாதிக்குமேல் குறைக்கலாம். எல்லோரும் கேமராவைத் திறந்து வைத்து நடக்கும் ஒரு மணித்தியால ஸூம் வகுப்பு ஏறக்குறைய ஒரு ஜிபி வரை இழுக்கும். ஆசிரியரின் குரல் மட்டும் என்றால் அதில் சிறு பங்குதான். யூடியூபில் அதே ஒரு மணித்தியாலப் பாடத்தை 144 அல்லது 240 என்ற தரத்தில் பார்த்தால் வழமையான தரத்தைவிட மிகக் குறைவாகப் போகும்; கரும்பலகை எழுத்து கொஞ்சம் மங்கும், ஆனாலும் பெரும்பாலும் வாசிக்கலாம். வட்ஸ்அப்பில் பத்து நிமிடக் குரல் பதிவுக்குச் சில எம்பி போதும்.

இன்னொரு வழி நிறையப் பேருக்குத் தெரியவில்லை. ஒருவர் இறக்கிய வீடியோவைப் பக்கத்திலிருக்கும் இன்னொரு போனுக்கு புளூடூத்தில் அனுப்ப டேட்டாவே போகாது. ஒரு லயத்தில் ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தால் ஒருவர் இறக்கட்டும், மற்ற நால்வரும் வாங்கிக்கொள்ளட்டும். வாரத்துக்கு ஒருவர் என்று மாற்றிக்கொண்டால் யாருக்கும் பாரமாகாது. சில பொதிகளில் நள்ளிரவுக்குப் பிறகு தனியாக டேட்டா தருவார்கள். அதற்காகப் பிள்ளையை விழிக்க வைக்காதீர்கள். விடியற்காலை சமைக்க எழும்பும்போது இறக்கிவிடலாம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து ஒரு மணித்தியாலம் பேசாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடத் துண்டுகளாகப் பதிவு செய்யுங்கள்.

வீட்டில் ஒரே போன், படிக்கும் பிள்ளைகள் மூவர். யாருக்கு முதலில்?

அந்த வருடம் பரீட்சை எழுதுபவருக்கு. மற்ற இருவருக்கும் பாடத்தைக் கேட்டுவிட்டுப் புத்தகத்தில் எழுதும் வேலையைக் கொடுங்கள். போன் அரை மணித்தியாலம் இருந்தால் எழுத்து ஒரு மணித்தியாலம் இருக்க வேண்டும். அப்படி வைத்தால் ஒரு போன் மூவருக்கும் சுற்றி வரும்.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன். போன் தம்பிக்கு, அடுப்படி வேலை அக்காவுக்கு என்று பிரிக்காதீர்கள். சாயங்காலம் தண்ணீர் பிடித்து, சட்டி கழுவி, தங்கச்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு காதில் மட்டும் பாடம் கேட்கும் பெண்பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களுக்கும் வீட்டு வேலை இல்லாத ஒரு மணித்தியாலம் வேண்டும்.

தமிழில் இலவசமாக எங்கே பாடங்கள் கிடைக்கும்?

கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தரம் வாரியாகத் தமிழ் மொழிமூலப் பாடங்கள் இருக்கின்றன. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் அரசு பாடப்புத்தகங்கள் முழுமையாகப் பதிவிறக்கக் கிடைக்கும். புத்தகம் நனைந்து கிழிந்த பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல். ஆசிரியர் வழிகாட்டிகள் மஹரகம தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் உள்ளன. கடந்தகால வினாத்தாள்களைப் பரீட்சைத் திணைக்களத்தின் தளத்தில் தேடலாம். வீட்டில் டிவி இருந்தால் நேத்ரா அலைவரிசையையும் பாருங்கள். கொரோனா காலத்தில் தமிழ்ப் பாடங்கள் அதில் போயின, டேட்டாவும் தேவைப்படவில்லை.

தமிழில் உள்ளவை சிங்களத்தில் இருப்பவற்றைவிடக் குறைவு. அந்தக் குறையை நிரப்பக்கூடியவர்கள் நம் ஆசிரியர்கள்தான். கொட்டகலை பத்தனையில் உள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியிலிருந்து எத்தனையோ ஆசிரியர்கள் வெளிவந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தனக்கு நன்றாக வரும் ஓர் அலகை மட்டும் நல்லபடி பதிவு செய்து பொதுவில் வைத்தால் போதும்.

தமிழ்நாட்டு வீடியோக்களைப் பார்த்துப் படிக்கலாமா?

விளங்கிக்கொள்ள உதவும், பார்க்கலாம். தமிழ்நாட்டில் 2019 முதல் கல்வித் தொலைக்காட்சி நடக்கிறது, பாடங்கள் யூடியூபிலும் இருக்கின்றன. ஆனால் பாடத்திட்டம் வேறு, கலைச்சொற்களும் வேறு. அங்கே வேதியியல் என்பது நமக்கு இரசாயனவியல், இயற்பியல் என்பது பௌதிகவியல், ஒளிச்சேர்க்கை என்பது ஒளித்தொகுப்பு, அழுத்தம் என்பது அமுக்கம், ஆக்சிஜன் என்பது ஒட்சிசன். பரீட்சையில் நம் புத்தகச் சொல்லைத்தான் எழுத வேண்டும். அதனால் வீடியோவைப் பார்த்தவுடன் நம் பாடப்புத்தகத்தின் அதே அலகைத் திறந்து வாசிக்கச் சொல்லுங்கள்.

எந்த வயதிலிருந்து தொடங்கலாம்?

என் கருத்தில், ஆறாம் தரத்துக்குக் கீழே ஒன்லைன் வகுப்பை நம்ப வேண்டாம். சின்னப் பிள்ளைக்கு எழுத்துப் பழக ஆசிரியரின் கையும் பக்கத்தில் ஒரு கூட்டாளியும் தேவை. புலமைப்பரிசில் பரீட்சைக்கு என்று ஒன்பது வயதுப் பிள்ளையை இரவு ஒன்பது மணிவரை ஸூமில் உட்கார்த்தி வைப்பது பாவம்.

எனக்கு எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாது. பிள்ளை படிக்கிறதா என்று எப்படிப் பார்ப்பேன்?

இந்தக் கேள்வியைக் கேட்கும் தாய்மார் தலையைக் குனிந்துகொண்டு கேட்கிறார்கள். குனியத் தேவையில்லை. காலையில் பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் பதியும் இடத்துக்கு) போய், நாள் முழுவதும் மலையில் நின்று, வந்து சமைத்துவிட்டுப் பிள்ளையின் படிப்பைப் பற்றி யோசிக்கும் ஒருவர் ஏற்கெனவே பாதி வேலையைச் செய்துவிட்டார்.

பாடம் தெரியாமலே பார்க்கக்கூடியவை சில உண்டு. வகுப்பு முடிந்ததும் கொப்பியைக் காட்டச் சொல்லுங்கள். திகதி போட்டு ஏதாவது எழுதியிருக்கிறதா? ஒன்றும் எழுதாமல் ஒரு மணித்தியாலம் போனைப் பார்த்திருந்தால் கேளுங்கள். “இன்றைக்கு என்ன படித்தாய், எனக்குச் சொல்லிக்கொடு” என்று கேளுங்கள். உங்களுக்கு விளங்காவிட்டாலும் பரவாயில்லை. உங்களுக்குச் சொல்லப்போய்த் தடுமாறும் இடத்தில்தான் தனக்கு என்ன தெரியவில்லை என்பது பிள்ளைக்கே தெரியவரும். இதை நான் படித்த எந்தப் பயிற்சியிலும் சொல்லவில்லை. தோட்டத்து அம்மாமார் சிலர் தாங்களாகவே செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

மாதம் ஒரு தடவை ஆசிரியருக்கு அழைத்துப் பேசுங்கள். “பிள்ளை வகுப்புக்கு வருகிறதா சேர், கேள்வி கேட்கிறதா” என்று இரண்டு கேள்வி போதும்.

காசு கட்டிப் படிக்கும் ஒன்லைன் டியூஷன்களில் எதைத் தெரிவு செய்வது?

போஸ்டரையும் சாதாரண தரத்தில் ‘ஒன்பது ஏ’ பெற்றவர்களின் படங்களையும் பார்த்துச் சேராதீர்கள். ஒரு வகுப்பைக் காசில்லாமல் கேட்க விடுவார்களா, பதிவைத் தருவார்களா, எழுதிய விடையைத் திருத்தித் தருவார்களா என்று கேளுங்கள். நூற்றுக்கணக்கில் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டு யாருடைய கொப்பியையும் பார்க்காத வகுப்புக்கு மாதாமாதம் கட்டுவதைவிட, இலவச வீடியோவும் பக்கத்து ஊர் ஆசிரியர் ஒருவரும் மேல். ஒரு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள்.

ஆய்வுகூடச் செய்முறை?

அதைத் திரையில் பார்க்கலாம், பழக முடியாது. விஞ்ஞான ஆய்வுகூடம் உள்ள பக்கத்துப் பாடசாலை அதிபரிடம் பேசி, விடுமுறையில் ஓரிரு நாள் பிள்ளைகளை அங்கே அனுப்ப உங்கள் பாடசாலை அதிபரைக் கேளுங்கள்.

சாதாரண தரம் முடித்துவிட்டுக் கொழும்பில் கடையில் வேலை செய்கிறேன். ஒன்லைனில் ஏதாவது படிக்கலாமா?

கட்டாயம் படியுங்கள். 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் வேலை செய்பவர்களுக்கென்றே இருக்கிறது. உயர்தரம் சித்தியடையாதவர்களும் அடிப்படைப் பாடநெறி வழியாக உள்ளே போக வழி உண்டு. கண்டியிலும் நிலையம் இருக்கிறது. சில பாடநெறிகள் தமிழிலும் நடக்கின்றன. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இலவச ஒன்லைன் கணினி நிரலாக்கப் பாடநெறியும் இருக்கிறது. அதற்கு ஓரளவு ஆங்கிலம் வேண்டும்.

தொழிற்பாடநெறி என்றால், நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்ததா, முடித்தால் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் கிடைக்குமா என்று கேளுங்கள். வெளிநாட்டுப் பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்குமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே விசாரியுங்கள். தோட்டத்துப் பிள்ளைகள் நகை அடகு வைத்துச் சேர்ந்துவிட்டு, பிறகு அந்தக் கடதாசி எங்கும் செல்லாது என்று அறிவது கொடுமை.

போனைக் கொடுத்தால் பிள்ளை கெட்டுப்போகாதா?

பயம் நியாயமானது. ஆனால் போனைப் பிடுங்கி வைப்பதும், கேட்காமல் கொடுத்து வைப்பதும் இரண்டுமே பிழை. வெளிச்சமான இடத்தில், வாசலிலோ முன் காம்பராவிலோ வைத்துப் படிக்கட்டும். இரவில் போன் பெரியவரிடம் இருக்கட்டும். தெரியாதவர் படம் கேட்டாலோ, மிரட்டினாலோ உங்களிடம் சொன்னால் அடி விழாது என்பதைப் பிள்ளைக்கு இன்றைக்கே சொல்லிவையுங்கள். அடிக்குப் பயந்து மறைத்த பிள்ளைகள்தான் ஆழமாகச் சிக்கியிருக்கிறார்கள். அப்படி எதுவும் நடந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

ஒன்லைன் வந்துவிட்டால் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் தரமாட்டார்களோ?

அப்படி நடக்க நாம் விடக்கூடாது. “அதுதான் வீடியோ இருக்கிறதே” என்ற பதிலை எந்த அதிகாரியிடமிருந்தும் ஏற்காதீர்கள். திரையில் வரும் ஆசிரியருக்குப் பிள்ளை காலையில் சாப்பிட்டு வந்ததா என்று தெரியாது. சப்பாத்து இல்லாமல் மூன்று நாள் வராத பிள்ளையைத் தேடி லயத்துக்கு அவர் வரமாட்டார். வெற்றிடம் இருந்தால் பாடசாலை அபிவிருத்திக் குழு வழியாக வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் கேளுங்கள், பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் வரும்வரை ஒன்லைன் வகுப்பைப் பயன்படுத்துங்கள், வந்த பிறகும் துணையாகப் பயன்படுத்துங்கள்.

எங்கள் தோட்டத்தில் பிள்ளைகள் சேர்ந்து படிக்க ஓரிடம் ஏற்படுத்த நினைக்கிறோம். எங்கே தொடங்குவது?

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் தனியாகப் படிக்கச் சொல்வது முடியாத காரியம். அதனால் இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. கோயில் மண்டபம், வாசிகசாலை, மாலையில் மூடிக் கிடக்கும் பிள்ளைக்காம்பரா (குழந்தை பராமரிப்பு நிலையம்) எதுவானாலும் சரி. தோட்ட நிர்வாகத்திடமோ கோயில் கமிட்டியிடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பெரிய கணினிக் கூடம் என்று கனவு கண்டு நிதிக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரு பழைய டிவி, போனை அதில் இணைக்கும் வயர், ஒரு மின்விளக்கு, சிக்னல் நன்றாக எடுக்கும் ஒரு சிம், ஒரு பென் டிரைவ் இருந்தால் தொடங்கலாம். டேட்டாக் காசை வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு போடுங்கள். கொடுக்க முடியாத வீட்டைக் கேட்காதீர்கள், அந்தப் பிள்ளையையும் உட்கார வையுங்கள்.

கிழமையில் மூன்று மாலை போதும். ஒரு பாடத்தில் தொடங்குங்கள், எல்லாப் பாடத்தையும் ஒரே நேரத்தில் எடுத்தால் ஒரு மாதத்தில் எல்லோரும் களைத்துவிடுவீர்கள். உயர்தரம் முடித்துவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருக்கும் ஓர் அண்ணாவோ அக்காவோ தோட்டத்தில் இருப்பார். வீடியோவை நிறுத்தி, “இது வரை விளங்கியதா” என்று கேட்க அவர் போதும். பெண்பிள்ளைகள் வீடு திரும்பும்போது கூடப் போக ஒரு பெரியவரை முதல் நாளே தீர்மானித்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் இரண்டாவது கிழமையே அவர்கள் வருவது நின்றுவிடும்.